எனக்குக் கீழே ஒரு கட்டம்

மேடம் நிதானமா செலக்ட் பண்ணட்டும் சார், நீங்க இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. மயில்கழுத்து கலருக்கு லைனிங் தேடறதுன்னா எப்படியும் அரை மணி ஆகும். நீங்க போன்ல யார்கிட்டயோ வம்சாவளி, பழைய ரெக்கார்டு, ஆன்லைன்ல குடும்ப மரம்னு பேசிட்டு இருந்தீங்க பாருங்க, காதுல விழுந்துச்சு, தப்பா நினைக்காதீங்க. நானும் அதுல இறங்கின ஆள்தான். இப்ப அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கறதில்ல. ஏன்னு சொன்னா சிரிப்பீங்க. சிரிங்க, பரவாயில்ல, என்கிட்ட வேற யாராவது இதைச் சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

முதல்லயே சொல்லிடறேன், பேய், ஆவி, பூர்வ ஜென்மம் இது எதுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இந்த வரிசைல இருக்கற அத்தனை கடை வாசல்லயும் பூசணிக்காய் தொங்குது, என் கடைல மட்டும் இல்ல பாருங்க. எதிர்க் கடை அண்ணாச்சி வெள்ளிக்கிழமை ஆனா எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி ரோட்டுல வெப்பாரு, நான் வேணும்னே அது மேலயே ஸ்கூட்டரை ஏத்திட்டு வருவேன், அவரு திட்டுவாரு. எனக்கு என் கண்ணு மேல மட்டும்தான் நம்பிக்கை. தி.நகர்ல இந்த மேட்சிங் கடையை முப்பது வருஷமா நடத்தறேன், பத்து சிவப்பைப் பக்கத்துல பக்கத்துல விரிச்சா பத்தும் வேற வேறன்னு சொல்ற கண்ணு இது. நான் குடிக்கறவன் இல்ல, அன்னிக்குக் காய்ச்சல் கீய்ச்சலும் இல்ல, பட்டப்பகல், சுத்தி நூறு பேர் இருந்தாங்க. இனி நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

எங்களுக்குப் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். எங்க குடும்பத்துல மூத்த பையன்களுக்கு மொத்தமே ரெண்டு பேருதான். தாத்தா பேரைப் பேரனுக்கு வெக்கணும், அது கட்டாயம். என் பேரு சங்கரலிங்கம். எங்க அப்பா ஆவுடையப்பன். தாத்தா சங்கரலிங்கம். அவரோட அப்பா மறுபடியும் ஆவுடையப்பன். டவுன் பஸ் மாதிரி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போயிட்டுப் போயிட்டு வந்துட்டே இருக்கும். எனக்குப் பையன் இருந்திருந்தா அவனும் ஆவுடையப்பன்தான்.

அப்பா தவறி மூணு வருஷம் ஆகப் போகுது. அதுல இருந்து அமாவாசைக்கு அமாவாசை மயிலாப்பூர் குளத்துக்குத் தர்ப்பணம் பண்ணப் போவேன். நம்பிக்கை இல்லைங்கறே, அப்புறம் தர்ப்பணம் எதுக்குன்னு கேப்பீங்க. அப்பாவுக்கு நம்பிக்கை இருந்துச்சு, அவ்வளவுதான். முதல் தடவை போனப்ப ஐயர் ஆம்பளைங்க பேரு மூணு கேட்டாரு, டக்குன்னு சொல்லிட்டேன். பொம்பளைங்க பேரு மூணு கேட்டாரு. எங்க அம்மா பேச்சியம்மாள், அப்பாவோட அம்மா உலகம்மாள், அதோட நின்னு போச்சு. தாத்தாவைப் பெத்தவ பேரு எனக்குத் தெரியல. ஐயர் சர்வ சாதாரணமா, "தெரியலைன்னா கங்கைன்னு சொல்லிடுங்கோ, பாதகமில்ல" அப்படின்னுட்டாரு. சொல்லிட்டேன், ஆனா மனசுக்கு ஒப்பல. கிட்டத்தட்ட அதே கலர்தான்னு சொல்லி ஒரு துணியைத் தலைல கட்டற ஆள் இல்ல நானு. அந்தக் கிழவிக்கு ஒரு பேரு இருந்திருக்குமில்ல, பெத்து வளர்த்தவளுக்கு வேற எவ பேரையோ சொல்லித் தண்ணி ஊத்தறதுன்னா என்ன நியாயம்?

கோயம்புத்தூர்ல என் சித்தப்பா பொண்ணு செல்வி இருக்கா, கம்ப்யூட்டர்ல கில்லாடி. அவகிட்ட சொன்னேன். அவதான் அந்த வெப்சைட்டைக் காட்டினா. ஆளாளுக்கு ஒரு கட்டம், மேல அப்பா அம்மா, கீழ புள்ளைங்க, அப்படியே கிளை கிளையா விரியும். பழைய வாக்காளர் பட்டியல், பத்திரப் பதிவு ஆபீஸ் நகல், எங்கெங்கயோ இருந்து தேடித் தேடி அவ ஒவ்வொண்ணா ஏத்துவா. அதுல ஒரு விதி இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன், அதுலதான் விஷயமே இருக்கு. செத்தவங்க பேரு, வருஷம் எல்லாம் யாரு பாத்தாலும் தெரியும். உயிரோட இருக்கறவங்க கட்டம் வெளி ஆளுங்களுக்குச் சாம்பல் கலர்ல வெறுமையாத்தான் தெரியும், 'உயிரோடு இருப்பவர்'னு மட்டும் போட்டிருக்கும்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் லேப்டாப்பை வெச்சுட்டு உக்காந்திருக்கேன், என் வீட்டம்மா கோமதி வந்து பின்னாடி நின்னா. அப்புறம் எங்க ரெண்டு பேரு கட்டத்துக்குக் கீழ விரலை வெச்சா.

"என்னங்க, நமக்குக் கீழ யாருமே இல்லையே."

"யாரைப் போடறது?"ன்னேன்.

"பிறந்து தவறினவங்களையும் போடலாம்னு செல்வி சொன்னாளே. அவனைப் போடுங்க."

"பேரு கேக்குதே கோமதி."

"கவர்மென்ட் பேப்பர்ல ஏதாவது இருக்கும்ல, அதுல என்ன போட்டிருக்கோ அதைப் போடுங்க. நமக்கு ஒருத்தன் பிறந்தான்னு ஒரு இடத்துலயாவது இருக்கட்டும்."

இருபத்தோரு வருஷத்துல அவ அதைப் பத்திப் பேசினது அதுதான் முதல் தடவை சார். சரின்னு சொல்லிட்டு லேப்டாப்பை மூடிட்டேன். ஏன்னா நான் அவகிட்ட ஒரு பொய் சொல்லியிருந்தேன். அடையாறுல ஒரு நர்சிங் ஹோம், இப்ப அந்த இடத்துல ஃப்ளாட் வந்துடுச்சு, அங்கதான் ஏழாம் மாசத்துலயே ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. கோமதி மயக்கத்துல இருந்தா. குழந்தை உயிரோடதான் பிறந்தான். பதினோரு மணி நேரம் இருந்தான், கண்ணாடிப் பெட்டிக்குள்ள. எங்க அம்மாவும் அவங்க அம்மாவும் கலந்து பேசி, இருந்து போனான்னு தெரிஞ்சா இவ தாங்க மாட்டா, பிறக்கும்போதே உயிர் இல்லைன்னு சொல்லிடுன்னாங்க. நானும் அவ கண் முழிச்சதும் அப்படியே சொல்லிட்டேன். நானும் கோமதியோட அண்ணனும் துணில சுத்தி ஆட்டோல எடுத்துட்டுப் போய் புதைச்சுட்டு வந்தோம். அவ முகம்கூடப் பாக்கல. பேரு வைக்கறதுக்கு முன்னாடி போன குழந்தைக்கு எங்க வழக்கத்துல திதியும் கிடையாது, தர்ப்பணமும் கிடையாது, கணக்குலயே சேர்த்தி இல்ல.

இப்ப அவ பேப்பர் கேக்கறா. பிறக்கும்போதே இறந்திருந்தா அதுக்குத் தனிப் பதிவு, உயிரோட பிறந்தாத்தான் பிறப்புப் பதிவு. அந்தப் பேப்பர் அவ கைக்குப் போச்சுன்னா நான் மாட்டிக்குவேன். அதனால அவளுக்கு முன்னாடி நான் பாத்துடணும்னு, செவ்வாய்க்கிழமை கடைல கூட்டம் இல்லாத நேரத்துல கார்ப்பரேஷன் வெப்சைட்டைத் திறந்தேன். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இது ரெண்டைக் கொடுத்தா அன்னிக்குப் பிறந்த அத்தனை குழந்தையும் பட்டியலா வரும். நிறைய கட்டம் பேரு இல்லாம காலியா இருக்கும், பிறந்த உடனே பதிஞ்சுட்டு அப்புறம் நிதானமா வந்து பேரு சேப்பாங்க இல்லையா, அது. நான் காலிக் கட்டமாத்தான் தேடிட்டே வந்தேன். தாயார் கோமதி, தகப்பனார் சங்கரலிங்கம், மாம்பலத்துல எங்க பழைய விலாசம், எல்லாம் சரியா இருந்துச்சு. பேரு மட்டும் காலியா இல்ல. ஆவுடையப்பன்னு போட்டிருந்துச்சு.

எனக்கு முதல்ல வந்தது பயம் இல்ல சார், எங்க அப்பா மேல கோபம். அவர் வேலைதான் இது, தன் பேரு அத்தோட நின்னு போச்சேன்னு போய் ஏத்திட்டாரு போலன்னு நினைச்சேன். அப்புறம் இறப்புப் பதிவைத் தேடினேன். இல்ல. மச்சான் பதியாம விட்டிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன். இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சுட்டேதான் இருந்தேன், அதையும் சொல்லிடறேன்.

மறுநாள் அடையாறு பக்கம் இருக்கற ஆபீசுக்கு நேர்லயே போனேன். ரெக்கார்டு ரூம்ல ஒரு அம்மா, வயசானவங்க, வெத்தலை போட்டுட்டே பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பினாங்க.

"இன்னா சார் உன் பிரச்சனை? பேருதான் போட்டு கீதே."

"யாரும்மா வந்து போட்டது?"

"தோ, ஓரத்துல எழுதிக் கீது பாரு. அம்மாக்காரி மனு குடுத்துக்கீறாங்க. ஸ்கூல்ல சேக்கற நேரத்துலதான் எல்லாரும் அரக்கப் பரக்க ஓடியாருவாங்க." அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கி விட்டுட்டு என்னைப் பாத்தாங்க. "பையன் இப்ப இன்னா படிக்கிறான்?"

"காலேஜ்"னேன். எப்படி வாயில வந்துச்சுன்னு சத்தியமா தெரியல.

ஓரத்துல பச்சை மையில, 'தாயார் மனுவின் பேரில் பெயர் சேர்க்கப்பட்டது'ன்னு எழுதி, கீழ தேதி. அவனுக்கு அஞ்சு வயசு ஆகியிருக்க வேண்டிய வருஷம் அது. அப்ப இது அப்பா வேலை இல்ல, கோமதிதான் வந்திருக்கா. அப்ப இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சும் என்னை ஆழம் பாக்கறா. வீட்டுக்குப் போனா அவ பாட்டுக்குக் காபி கொடுக்கறா, சீரியல் பாக்கறா. நீ அங்க போனியான்னு கேக்கணும்னா என் பொய்யை நான் முதல்ல ஒத்துக்கணும். கேக்கல. பேப்பர் கிடைக்கலைன்னு இன்னொரு பொய் சொன்னேன். அவ தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

அதுக்கு ஒரு வாரம் கழிச்சு செல்வி போன் பண்றா, ஒரே சிரிப்பு. "அண்ணே, நம்ம மரத்தோட ஒத்துப்போற இன்னொரு மரம் இருக்குன்னு வெப்சைட் காட்டுது, போய்ப் பாருங்க, உங்களை யாரோ போட்டுத் தள்ளிட்டாங்க!"

திறந்து பாத்தேன். யாரு போட்டதுன்னு பேரும் இல்ல, போட்டோவும் இல்ல. மேல இருந்து கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, எல்லாம் அச்சு அசலா எங்க ஆளுங்க. அதுக்குக் கீழ சங்கரலிங்கம், தகப்பனார் ஆவுடையப்பன், தாயார் பேச்சியம்மாள்னு என் கட்டம் பளிச்சுன்னு தெரியுது. செத்தவங்க கட்டம்தான் தெரியும்னு சொன்னேன்ல. பக்கத்துல மனைவி கட்டம் சாம்பல் கலர், உயிரோடு இருப்பவர். கீழ ஒரே ஒரு கட்டம், அதுவும் சாம்பல் கலர், உயிரோடு இருப்பவர்.

செல்விக்கு இதெல்லாம் சகஜம். "நம்ம வீட்டுல ரெண்டே பேரை மாத்தி மாத்தி வெச்சா இப்படித்தான் ஆகும். யாரோ தாத்தாவையும் உங்களையும் குழப்பிட்டாங்க, விடுங்கண்ணே" அப்படின்னா. நியாயமான பேச்சுதான், எங்களை மாதிரி ஆளுங்க வீட்டுல நடக்கற தப்புதான். ஆனா தாத்தாவோட அம்மா பேச்சியம்மாள் இல்ல. தாத்தா பெண்டாட்டி உலகம்மாளும் உயிரோட இல்ல. அப்புறம் என் கட்டத்துல, இறந்த வருஷம்னு போட்டிருந்தாங்க பாருங்க, அது எங்க பையன் பிறந்த வருஷம். அதை நான் செல்விகிட்ட சொல்லல. அந்த மரத்துக்காரங்களுக்கு, ஐயா நான் உயிரோட இருக்கேன், நீங்க யாருன்னு ஒரு மெசேஜ் போட்டேன். பதில் வரல.

இது நடந்து நாலாவது நாள் தை அமாவாசை. காலைல எட்டு மணிக்கெல்லாம் மயிலாப்பூர் குளத்தைச் சுத்தி ஜனம் நெருக்கியடிக்குது. அன்னிக்கு ஆளாளுக்குத் தனியா பண்ணி வெக்க நேரம் ஏது, ஐயர் பத்துப் பன்னெண்டு பேரை வரிசையா உக்கார வெச்சு மந்திரம் சொல்வாரு, பேரு வர்ற இடத்துல நிறுத்துவாரு, அவங்கவங்க தங்களோட பேரை மெதுவா சொல்லிட்டு எள்ளும் தண்ணியும் விடணும். எனக்கு வலது பக்கத்துல ஒரு பையன் உக்காந்திருந்தான். இருபது, இருபத்தொண்ணு வயசு இருக்கும். இந்த வயசுலயே அப்பா இல்லையான்னு பாவமா இருந்துச்சு, அதோட விட்டுட்டேன்.

ஐயர் அப்பா பேரைச் சொல்லுங்கோன்னாரு. நான் ஆவுடையப்பன்னேன். பக்கத்துல அவன் சங்கரலிங்கம்னான். சரி, ஊர்ல ஒரே ஒரு சங்கரலிங்கமா இருக்கான். தாத்தா பேருன்னாரு. நான் சங்கரலிங்கம்னேன், அவன் ஆவுடையப்பன்னான். மூணாவதுக்கு அவன் மறுபடி சங்கரலிங்கம்னான். எங்க பக்கத்து ஆளு போலன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு, முடிஞ்சதும் எந்த ஊருப்பான்னு விசாரிக்கலாம்னு நினைச்சேன். மனுஷ மனசு எவ்வளவு முட்டாள்தனமா சமாதானம் தேடுது பாருங்க. அப்புறம் பொம்பளைங்க பேரு வந்துச்சு. ஐயர், "அம்மா ஜீவிச்சு இருக்கறவா அம்மா பேரைச் சொல்லாதேங்கோ, அப்பாவோட அம்மாலேர்ந்து ஆரம்பிங்கோ" அப்படின்னாரு.

அவன் பேச்சியம்மாள்னான். அடுத்து உலகம்மாள்னான். மூணாவதா, நிதானமா, தெரிஞ்ச பேரைச் சொல்ற மாதிரி, சிவகாமியம்மாள்னான்.

நான் கங்கைன்னு சொல்ல வேண்டிய இடம் அது சார். என் வாயிலயும் சிவகாமியம்மாள்னுதான் வந்துச்சு. தண்ணி பூரா என் வேட்டிலயே கொட்டிடுச்சு, எள்ளு ஒட்டிக்கிச்சு. திரும்பி முகத்தைப் பாத்தியான்னு கேப்பீங்க. பாக்க முடியலைன்னு சொன்னா அது பொய். பாக்கப் பயந்தேன். ஓரக்கண்ணால காது மட்டும் தெரிஞ்சுது. கோமதியோட காது வித்தியாசமா இருக்கும், மடல் தனியா தொங்காது, கன்னத்தோட ஒட்டி இருக்கும். அதே காது. மேட்சிங் பாத்தே பொழைக்கறவன் நானு, இதுல தப்பு பண்ண மாட்டேன்.

முடிஞ்சு எல்லாரும் எழுந்தாங்க. எனக்குக் கால் மரத்துப் போச்சு. அவன் ஈர வேட்டியை உதறிட்டு போனை எடுத்தான். "முடிஞ்சிருச்சும்மா, வந்துட்டே இருக்கேன். காக்காய்க்கு நீ வெச்சுடாத, நான் வந்து வெக்கிறேன்"னு சொல்லிட்டே தெற்கு மாட வீதிப் பக்கம் நடந்தான். மாயமா எல்லாம் மறையல, கூட்டத்துல கலந்து போற மாதிரி சாதாரணமாத்தான் போனான், அவன் தோள் மேல இன்னொருத்தர் இடிச்சு, சாரிகூடச் சொன்னாரு. நான் கூப்பிட்டிருக்கலாம். ஆனா என்னன்னு கூப்பிடுவேன்? ஆவுடையப்பான்னுதான் கூப்பிடணும். அது எங்க அப்பா பேரு சார். அந்தப் பேரைச் சொல்லி நான் வாழ்க்கைல யாரையும் கூப்பிட்டதே இல்ல. அதுக்குள்ள அவன் போயிட்டான்.

வீட்டுக்குப் போய் ஈர வேட்டியோட கூடத்துல உக்காந்து கோமதிகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். பதினோரு மணி நேரம் இருந்தான்கறது, நான் சொன்ன பொய், ரிஜிஸ்டர், மரம், குளம், எல்லாம். அவ கேட்டுட்டே இருந்தா.

"அழுதானா?"

"ஒரே ஒரு தடவை. ரொம்ப மெதுவா."

"எனக்குக் கேட்டுச்சு" அப்படின்னா. "மயக்கம் தெளியறப்ப கேட்டுச்சு. நீங்க பிறக்கும்போதே இல்லைன்னு சொன்னீங்க. சரி, கனவுன்னு நினைச்சுக்கிட்டேன். இத்தனை வருஷமா என் காதையே நான் நம்பல, உங்களை நம்பினேன்."

ஆபீஸ்ல போய் பேரு சேத்தது நீதானேன்னு கேட்டேன். "ஸ்கூல்ல சேக்க எனக்கு யாரு இருந்தா?"ன்னா. அந்த ஆபீஸ் எந்தத் தெருவுல இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. அப்புறம் சுவத்தைப் பாத்துட்டே கேட்டா, "குரல் எப்படி இருந்துச்சு? மெலிஞ்சு இருந்தானா?" நான் சொன்னேன், குரல் கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு, உடம்பு பரவாயில்லன்னு. அன்னில இருந்து மூணு நாள் அவ என்கிட்டப் பேசல. சமைச்சு வெப்பா, எடுத்து வெப்பா, பேச மாட்டா. அது எனக்கு வேண்டியதுதான்.

ஒரு மாசம் கழிச்சு செல்வி கூப்பிட்டா. ஊர்ப் பத்திர ஆபீஸ்ல இருந்து பழைய பாகப் பத்திரம் ஒண்ணோட நகல் கிடைச்சுதாம். "அண்ணே, நீங்க தேடின பேரு கிடைச்சுடுச்சு, 'ஆவுடையப்பன் மனைவி சிவகாமியம்மாள்'னு கைநாட்டோட இருக்கு"ன்னா, துள்ளிக் குதிக்கறா. அந்தப் பேரு அதுவரைக்கும் எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. நான் அவகிட்ட நல்லதும்மான்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அதோட அந்த வெப்சைட்டைத் திறக்கறதையும் விட்டுட்டேன், அந்த இன்னொரு மரம் இன்னும் அங்க இருக்கான்னுகூடப் பாக்கல.

இதுவரைக்கும் கோமதிகிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கு, உங்ககிட்டச் சொல்றேன், நீங்க வெளி ஆளு. அந்தப் பதினோரு மணி நேரமும் நான் கண்ணாடிப் பெட்டி பக்கத்துலதான் நின்னேன். நம்பிக்கை இல்லாத ஆள்தான், ஆனா அந்த நேரத்துல எவன்தான் வேண்டிக்காம இருப்பான். என்னை எடுத்துக்கோ, அவனை விட்டுடுன்னு வேண்டிக்கிட்டேன். மனசார வேண்டிக்கிட்டேன். அடுத்த நிமிஷமே நெஞ்சுல சுருக்குன்னு ஒரு வலி வந்துச்சு. என்ன வலியோ, காலைல இருந்து சாப்பிடாத வலியாக்கூட இருக்கலாம். நான் பயந்துட்டேன் சார். ஐயோ, வேண்டாம் வேண்டாம், சும்மா சொன்னேன்னு மனசுக்குள்ள சொல்லிட்டேன். வலி நின்னு போச்சு. அடுத்த கால் மணி நேரத்துல நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டாங்க.

அதனால இப்ப நான் மரத்தைப் பத்தியும் ரிஜிஸ்டரைப் பத்தியும் யோசிக்கறதில்ல. எங்கயோ ஒரு இடத்துல நான் வாபஸ் வாங்காம இருந்திருக்கேன் போல, அதைத்தான் யோசிக்கறேன்.

சரி, இதெல்லாம் முடிஞ்ச கதைன்னு வெச்சுக்கலாம், முடியாதது ஒண்ணு இருக்கு. அந்தத் தைக்கு அடுத்த அமாவாசை, நான் தர்ப்பணம் பண்ணிட்டுக் குளிச்சுட்டு வந்து இதே நாற்காலில உக்காந்திருக்கேன், திடீர்னு வாய் முழுக்க எள்ளுத் தண்ணி ருசி. நான் எதையும் சாப்பிடல, குடிக்கல. கசப்பும் இல்ல, இனிப்பும் இல்ல, நாக்குல இருந்து தொண்டைக்குள்ள சில்லுன்னு இறங்குது. மூணு தடவை. அப்புறம் தாகமே எடுக்கல, சாயங்காலம் வரைக்கும். அதுல இருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் காலைல ஒன்பது, ஒன்பதரைக்குள்ள வந்துடும். இது கோமதிக்கும் தெரியும். டாக்டர்கிட்டக் காட்டினேன், அல்சர்னு மாத்திரை கொடுத்தாரு. மாசத்துல ஒரு நாள் மட்டும் வர்ற அல்சர் எங்க இருக்கு சார்? முதல்ல பயமா இருந்துச்சு, உயிரோட இருக்கறவனுக்கு எவனாவது தண்ணி விடுவானா? இப்ப பயம் அது இல்ல. ஒரு அமாவாசைக்கு வராமப் போச்சுன்னா, அதுதான் இப்ப பயம்.

போன அமாவாசைக்கு ஒன்பதரை ஆச்சு, வரல. பத்து ஆச்சு, வரல. நான் கடையைத் திறக்காம வீட்டுலயே உக்காந்திருந்தேன், கடைப் பையன்கிட்டச் சாவியைக்கூட அனுப்பல. ரோட்டுல ஒரு ஆம்புலன்ஸ் போச்சு, எழுந்து போய் அது எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துட்டு வந்தேன். கோமதி அடுப்படில இருந்து எட்டி எட்டிப் பாக்கறா. "வந்துச்சா?"ங்கறா. இல்லைன்னு தலையாட்டறேன். இலையைப் போட்டு வெச்சுட்டு அவளும் வந்து எதிர்ல உக்காந்துட்டா. காக்காய்க்கும் வெக்கல. பதினொன்னே காலுக்கு வந்துச்சு சார், சில்லுன்னு, மூணு தடவை. வந்துடுச்சுன்னேன். அவ முந்தானையால முகத்தைத் துடைச்சுட்டு என்னைப் பாத்துக் கோபமா கேட்டா, "ஏன் இவ்வளவு நேரமாம்?"